தாது வருஷத்துப் படங்கள்

வருஷக் கடைசி வந்துவிட்டால் பத்திரிகைகள் தவறாமல் ஒரு காரியம் செய்யும். அந்த வருஷத்தில் உலகத்தில் நடந்த பெரிய சம்பவங்களின் படங்களில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்து, இரண்டு பக்கம் நிறைய அடுக்கிப் போடும். ஒரு மூலையில் யுத்தம். இன்னொரு மூலையில் வெள்ளம். நடுவே பதவி ஏற்றுக்கொண்ட யாரோ ஒரு தலைவர். அவருக்குப் பக்கத்திலேயே கோப்பையைத் தூக்கிப் பிடித்த ஆட்டக்காரர். இவர்களுக்குள் ஒருவருக்கொருவர் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரே வருஷத்தில் காமிராவுக்கு முன்னால் வந்தார்கள் என்பதுதான் சம்பந்தம். எனக்கு அந்தப் பக்கங்களைப் பார்ப்பதில் சிறு வயதிலிருந்தே ஆசை. படித்த செய்தி மறந்துபோகிறது. பார்த்த படம் மறப்பதில்லை.

1877-ஆம் வருஷத்துக்கு இப்படி ஒரு பக்கம் தயாரித்தால் அதில் என்னென்ன படங்கள் இடம்பெறும் என்று கொஞ்ச நாளாக யோசித்து வருகிறேன். அந்த வருஷத்தை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், அதற்குக் காரணம் கெலமங்கலம்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குக் கெலமங்கலம் தெரிந்திருக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர். கடைக்காரர் உங்களிடம் தமிழில் விலை சொல்லி, பையனைத் தெலுங்கில் அதட்டி, மூட்டை கொண்டு வந்தவரிடம் கன்னடத்தில் கணக்குப் பார்ப்பார். ஓர் உச்சி வேளையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேரப்பிள்ளை களியை அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தான். பாட்டியம்மாள், “ஏன்டா, தாது வருஷத்துல அடிபட்டவன் மாதிரித் திங்கிறே? மெதுவாத் தின்னு” என்றாள்.

“அது எந்த வருஷம், பாட்டி?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் யாருக்குத் தெரியும் சாமி? எங்க அவ்வா இப்படித்தான் எங்களை ஏசும்” என்றாள்.

பாட்டிக்குத் தெரியாவிட்டால் என்ன? அறுபது வருஷச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தால் கிடைத்துவிடுகிறது. தாது என்பது 1876 சித்திரையிலிருந்து 1877 பங்குனி வரை. அதற்கு அடுத்தது ஈசுவர. இந்த இரண்டு வருஷங்களில் தென்னிந்தியாவைப் பிடித்து உலுக்கிய பஞ்சத்துக்குத் தமிழன் வைத்த பெயர் தாது வருஷப் பஞ்சம். தெலுங்கில் தாத கருவு என்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, சாப்பிடுகிற குழந்தையை அதட்டுகிற வார்த்தையாக அது இந்த ஊரில் மிஞ்சியிருக்கிறது.

சரி, 1877-இன் படப் பக்கத்துக்கு வருவோம். முதலிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. அன்றைய பத்திரிகைகளால் புகைப்படத்தை அச்சடிக்க முடியாது. காமிரா வந்து நாற்பது வருஷம் ஆகியும், படத்தை எழுத்தோடு சேர்த்துக் காகிதத்தில் ஏற்றும் வித்தை கைகூடவில்லை. புள்ளி புள்ளியாகப் படத்தை உடைத்து அச்சிடும் முறையில் நியூயார்க்கின் டெய்லி கிராபிக் பத்திரிகை ஒரு போட்டோவை வெளியிட்டது 1880 மார்ச் 4-ஆம் தேதிதான். அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? போட்டோவை லண்டனுக்கு அனுப்புவார்கள். அங்கே சித்திரக்காரர் அதைப் பார்த்து மரக்கட்டையில் வரைவார். செதுக்குகிறவர் செதுக்குவார். அந்தக் கட்டையிலிருந்து அச்சாகும். 1842-இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸும், 1869-இல் தொடங்கிய கிராபிக்கும் இந்த வழியிலேதான் உலகத்தை இங்கிலீஷ்காரர் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு போயின. நடுவில் எத்தனை கைகள் பட்டன பாருங்கள்! ஒரு விலா எலும்பைக் கூட்டவோ குறைக்கவோ செதுக்குகிறவர் நினைத்தால் போதும்.

பக்கத்தின் உச்சியில் போடவேண்டிய படத்தைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. 1877 ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் நடந்த தர்பார். விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று வைஸ்ராய் லிட்டன் பிரபு பிரகடனம் செய்த வைபவம். மகாராணி வரவில்லை, பட்டம் மட்டும் வந்தது. போர்ன் அண்டு ஷெப்பர்டு என்ற பிரசித்தி பெற்ற ஸ்டுடியோ அதைப் படம் எடுத்தது. கூடாரங்கள், யானைகள், கொடிகள், நகை பூண்ட ராஜாக்கள். அந்த ராஜாக்களின் படத்துக்குக் கீழே இன்னார் இன்ன சமஸ்தானம் என்று பெயர் இருக்கும். இன்றைக்கும் ஒருவர் விடாமல் அடையாளம் சொல்லலாம். எத்தனை பீரங்கி மரியாதை என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

வேறு படங்களுக்கும் குறைவில்லை. ருஷியாவும் துருக்கியும் அந்த வருஷம் ஏப்ரலில் யுத்தத்தில் இறங்கின. அமெரிக்காவில் ஜூலை மாதம் ரெயில்வேத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பானில் கடைசி சாமுராய்களின் கலகம் செப்டம்பரில் அடங்கியது. எடிசன் பேசும் இயந்திரம் கண்டுபிடித்தது அந்த வருஷக் கடைசியில். வானத்தைப் பார்த்த ஓர் இத்தாலியர் செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய்கள் ஓடுவதாக எழுதி, உலகம் முழுவதையும் ஆச்சரியப்பட வைத்தார். செவ்வாயில் தண்ணீர் ஓடுவதாகப் பேசிய அதே வருஷத்தில்தான் இங்கே ஏரிகள் வெடித்துக் கிடந்தன.

1876-இல் மழை பொய்த்தது. தென்மேற்குப் பருவமும் ஏமாற்றி, வடகிழக்கும் ஏமாற்றிவிட்டது. இப்போது ஆராய்ச்சிக்காரர்கள், பசிபிக் சமுத்திரத்து நீர் சூடேறிப் போனதால் உலகத்தின் மழைக் காற்றெல்லாம் தடம் புரண்டதாகவும், அதே காரணத்தால் சீனாவிலும் பிரேசிலிலும் அந்தச் சமயத்திலேயே பஞ்சம் வந்ததாகவும் சொல்லுகிறார்கள். எல் நினோ என்று அதற்குப் பெயர். ஆனால் மழை இல்லாமல் போவது ஒன்று, மனிதன் சாவது வேறு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சர்க்கார் இருக்கிறது, வியாபாரி இருக்கிறான், விலை இருக்கிறது.

அந்த நாளில் கெலமங்கலம் சேலம் ஜில்லாவில், ஓசூர் தாலுகாவைச் சேர்ந்த ஊர். ஜில்லாவின் இந்த மேட்டு நிலப் பகுதியை அதிகாரிகள் பாலகாட் என்று குறிப்பிடுவார்கள். நெல்லை விட ராகியை நம்பி வாழ்ந்த சீமை. ராகிக்கு ஒரு குணம் உண்டு. பூச்சி சீக்கிரம் அண்டாது. நிலத்தைத் தோண்டிக் குழியில் கொட்டி வாய் மூடிவிட்டால் பல வருஷம் கெடாமல் இருக்கும். ஒரு வருஷம் மழை தப்பினால் குழியைத் திறப்பார்கள். மைசூர்ச் சீமையிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் தானியம் இருந்த குழி எல்லாருடைய வீட்டிலும் இல்லை. கூலிக்காரனுக்கு ஏது குழி? குழி இருந்தவனும் ரெயில் வந்த பிறகு, நல்ல விலைக்கு விற்றுக் காசாக்கக் கற்றுக்கொண்டிருந்தான். ரெயில் பஞ்சம் வந்த ஊருக்குத் தானியம் கொண்டு வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். கொண்டும் வந்தது. வாங்கக் காசுதான் இல்லை. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை போவதும் நிற்கவில்லை.

1877 ஜனவரியில், தர்பார் முடிந்த கையோடு, லிட்டன் பிரபு ஸர் ரிச்சர்டு டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். டெம்பிளின் கதை விசித்திரமானது. 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது அவர் தாராளமாகத் தானியம் தருவித்து ஜனங்களைக் காப்பாற்றினார். சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற ஏச்சு. அந்த அபவாதத்தைத் துடைத்துக்கொள்ள வந்தவர்போல் அவர் சென்னை ராஜதானியில் நடந்துகொண்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். இந்த அளவில் உழைக்கிற உடம்பு நிற்காது, தானியத்தோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். கார்னிஷின் வாதம் ஓரளவு ஜயித்து, படி கூடியது. அதற்குள் எத்தனையோ பேருக்குக் காலம் கடந்துவிட்டது.

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 1871 ஜனத்தொகைக் கணக்கில் சேலம் ஜில்லாவில் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து 1881-இல் எண்ணியபோது 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பக்கத்து மைசூரில் 50 லட்சத்துக்கு மேல் இருந்த தொகை 42 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இல்லாமல் போனவர்கள் அத்தனை பேரும் செத்தார்கள் என்று சொல்லவில்லை. இலங்கைக்குப் போனவர்கள் உண்டு. எங்கெங்கோ சிதறியவர்கள் உண்டு. பிறக்காமலே போன குழந்தைகள் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

இத்தனை பெரிய எண்ணை மனசு வாங்கிக்கொள்வதில்லை. அதனால்தான் படத்துக்கு வருகிறேன்.

1877 அக்டோபர் 20-ஆம் தேதி இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸில் ஒரு செதுக்குப் படம் வந்தது. பெங்களூரில் நிவாரணத்துக்காகக் காத்திருக்கும் ஜனங்கள். எலும்பும் தோலுமான கூட்டம். பஞ்சத்தைப் பற்றி எழுதுகிற புத்தகங்களில் இன்றும் அடிக்கடி அச்சாகிற படம் அது. அதே மாதம் கிராபிக்கில் பெல்லாரி ஜில்லாவைக் காட்டும் ஒரு படம் வந்தது. அதில் மனிதனும் மாடும் ஒருங்கே நலிந்து கிடப்பதைக் காணலாம். பெங்களூர்ப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் கூட்டத்தில் முகம் தேடுகிறேன். கெலமங்கலத்துக்கும் பெங்களூருக்கும் நாற்பது மைலுக்கு உட்பட்ட தூரந்தான். கால்நடையாக இரண்டு நாள்; பசித்தவனுக்கு நான்கு நாள். பஞ்சத்தில் ஜனங்கள் ராஜதானி எல்லையைப் பார்த்து நடப்பதில்லை; கஞ்சி ஊற்றுகிற இடத்தைப் பார்த்து நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவராவது இருந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இது சரித்திரம் அல்ல, கதை எழுதுகிறவனுடைய நினைப்பு. சரித்திரக்காரர்கள் மன்னிக்கட்டும்.

இதற்கு முன்னால் கெலமங்கலத்தின் பெயர் ஓர் உலகச் சம்பவத்தில் அடிபட்டது 1799 மார்ச்சில். திப்புவை முடிப்பதற்காக ஜெனரல் ஹாரிஸ் நடத்திச் சென்ற சேனை ராயக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போயிற்று. திப்பு விழுந்த காட்சியை இங்கிலாந்தின் சைத்ரிகர்கள் போட்டி போட்டுக்கொண்டு தீட்டினார்கள். அந்தச் சேனைக்குத் தீவனமும் தானியமும் பறிகொடுத்த ஊர்களை யாரும் தீட்டவில்லை. அது போகட்டும்.

பஞ்சத்தைக் காமிராவில் பிடித்தவர்களில் முக்கியமானவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். சென்னை ராணுவத்தில் குதிரைப்படை அதிகாரி. வேலை ராணுவம், பைத்தியம் காமிரா. இந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் வகைப்படுத்திப் படம் பிடித்து சர்க்கார் எட்டுப் பாகமாக வெளியிட்ட ‘இந்திய ஜனங்கள்’ என்ற பெரிய தொகுப்புக்கு அவரும் படம் தந்தவர். ஒரு கூட்டாளியோடு சேர்ந்து படம் விற்கும் தொழிலும் நடத்தினார். புலி வேட்டையைப் பற்றி வரிசையாக ஒரு கதைபோலப் படங்கள் எடுத்தார். வேட்டைக்குக் கிளம்புவதிலிருந்து தோல் உரிப்பது வரைக்கும் எல்லாம் ஏற்பாடு செய்து, நிறுத்தி எடுத்தவை. அப்படி ஏற்பாடு செய்து பழகிய கையோடு அவர் பஞ்சத்துக்கு வந்தார்.

அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆண், பெண், குழந்தை, கிழவர் என்று வரிசையாக உட்கார வைத்திருக்கிறது. சிலர் நிற்கிறார்கள். பின்னால் ஒரு சுவர், அல்லது வெறும் மண். ஒரு குடும்பத்தைக் கூட்டி வைத்து ஸ்டுடியோவில் கலியாணப் படம் எடுப்பதுபோலவே அமைப்பு. உடம்புதான் இல்லை. முட்டி பெரிதாகவும் தொடை சிறிதாகவும் இருக்கிறது. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. கீழே தலைப்பு எழுதியிருக்கிறார்: இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்று ஒன்று, கைவிடப்பட்ட ஜீவன் என்று ஒன்று, மந்தையில் மிஞ்சிய கடைசி மாடு என்று ஒன்று. ஒரு படத்திலும் ஒரு பெயர் கிடையாது. அதே வருஷத்து தர்பார்ப் படங்களைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அந்தக் காலத்தில் ஒரு படம் எடுப்பது என்றால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலோர் கையாண்டது ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டில் பசை போன்ற மருந்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் காமிராவில் செருகிப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் இருட்டுக் கூடாரத்தில் கழுவிவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் தாங்கும்? கழுவத் தண்ணீர் வேண்டும். அதுவும் சுத்தமான தண்ணீர். பக்கத்தில் குடிக்க இல்லாதவன் உட்கார்ந்திருக்க, கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் வேண்டும்! மூடியைத் திறந்து சில விநாடி வரை எதிரில் இருப்பவர் அசையக்கூடாது. அசைந்தால் உருவம் புகைபோலக் கலைந்துவிடும். நிற்கத் திராணியில்லாதவனிடம் அசையாதே என்று சொல்லவேண்டியிருந்தது.

ஹூப்பர் அந்த மனிதர்களைக் கூட்டி வரச்செய்து, அடுக்கி உட்கார வைத்து, படம் எடுத்து முடித்ததும் ஒரு பிடி சோறுகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்று ஒரு குற்றச்சாட்டு அந்தத் தலைமுறையிலேயே எழுந்தது. இன்று வரையில் அவர் பெயரைச் சொன்னால் அந்தக் குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. இது அவருக்கு இழைத்த அநியாயமாக இருக்கலாமோ என்று கொஞ்சம் தயங்குகிறவர்கள், அவர் பிறகு பர்மாவில் செய்ததைப் பார்த்தால் தயங்கமாட்டார்கள். 1886-இல் மாண்டலேயில் அவர் ராணுவப் போலீஸ் தலைமை அதிகாரி. பர்மியக் கைதிகளைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லும் நேரத்தில், குண்டு பாய்கிற கணத்தையே படம் பிடிக்கவேண்டும் என்று காமிராவைத் தயார் செய்துகொண்டு, அது தயாராகிற வரையில் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார். லண்டன் டைம்ஸ் நிருபர் இதை வெளிப்படுத்தினார். பார்லிமெண்டில் கேள்வி கேட்டார்கள். விசாரணை நடந்தது. கண்டித்துச் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்ததோடு முடிந்தது. அடுத்த வருஷமே நூறு பர்மாப் படங்கள் அடங்கிய ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்.

ஆகவே ஹூப்பரைப் பற்றி எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அவர் எடுத்த பஞ்சப் படங்கள் இல்லாமலிருந்தால் நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு மனசு இரண்டாகப் பிரிகிறது. 1877 ஆகஸ்ட் 4-ஆம் தேதி சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூடி, இங்கிலாந்து ஜனங்களிடம் உதவி கேட்பதென்று தீர்மானித்தது. லண்டன் மேயர் நிதி திறந்தார். சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கான பவுன் சேர்ந்தது. அந்த நிதிக்குச் சென்னையில் காரியதரிசியாக இருந்து பாடுபட்டவர் ஒரு பத்திரிகை ஆசிரியர், வில்லியம் டிக்பி. பிறகு இரண்டு பாகத்தில் பஞ்சத்தின் கதையையும் எழுதினார். தென்னிந்தியாவைப் பார்த்தே இராத ஒரு கடைக்காரனையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையையும் ஷில்லிங் கொடுக்கச் செய்தது டெம்பிளின் அறிக்கைகளா? நிச்சயமாக இல்லை. படமும், படத்தைப் பார்த்துச் செதுக்கிய படமும், நிருபர்கள் எழுதியதும்தான். அந்த ஷில்லிங்குகள் விதைத் தானியமாகவும் ஏர்மாடாகவும் கூரை ஓலையாகவும் மாறி ராஜதானிக்குள் வந்தன. இரக்கமில்லாதவன் எடுத்த படத்தினால் இரக்கமுள்ளவன் பணம் கொடுத்தான். இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் வைத்தார். அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சேறியது. பஞ்சம் ஓய்ந்த சூட்டில் தமிழின் முதல் நாவல் வெளிவந்தது என்பது நாவல் எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் அவ்வப்போது நினைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். பஞ்சத்தைப் பற்றிக் கும்மிகளும் சிந்துகளும் அச்சாகிச் சந்தைகளில் விற்றன. அவற்றில் விலைவாசி இருக்கிறது, தாலி விற்ற கதை இருக்கிறது, புருஷனை விட்டுப் போனவளும் பிள்ளையை விட்டுப் போனவனும் இருக்கிறார்கள். காமிரா காட்டாததை அவை காட்டின. ஆனால் கும்மிக்கு லண்டன் மேயர் நிதி திறப்பாரா?

இந்தப் படக் கலவரம் நம் தேசத்துக்கு மட்டும் உரியது அல்ல. அதே பஞ்சம் பிரேசிலின் வடகிழக்கே சியாரா மாகாணத்தில் தலைவிரித்தாடியது. அங்கே கொரெயா என்ற ஒரு புகைப்படக்காரர் பட்டினிக் குழந்தைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, விசிட்டிங் கார்டு அளவில் படங்கள் எடுத்தார். பத்திரிகையாளர் ஜோஸே டோ பாட்ரோசீனியோ அவற்றைத் தலைநகருக்கு அனுப்பினார். ‘ஓ பெசோரோ’ என்ற கேலிச் சித்திரப் பத்திரிகை 1878 ஜூலை 20-ஆம் தேதி அவற்றில் இரண்டைக் கல்லச்சில் வரைந்து வெளியிட்டது. ஓர் எலும்புக்கூட்டின் கை அந்த இரண்டு படங்களையும் வாசகர் முகத்துக்கு நேரே நீட்டுவதுபோல் சித்திரம். சிரிக்க வைக்கிற பத்திரிகை அன்றைக்குச் சிரிக்க வைக்கவில்லை. வட சீனாவில் செத்தவர்கள் நம்மையும் விட அதிகம். 90 லட்சம் முதல் 130 லட்சம் வரை சொல்லுகிறார்கள். அங்கே காமிராவுக்குப் பதில் மரக்கட்டைச் சித்திரங்கள் செய்து, இரும்பையும் அழ வைக்கும் படங்கள் என்ற பெயரில் புத்தகமாக்கித் தெற்குச் சீனத்துப் பணக்காரர்களிடம் தர்மம் கேட்டார்கள். அந்தச் சித்திரங்களே இங்கிலீஷ் விளக்கத்தோடு 1878-இல் லண்டனிலும் வெளியாயின. மூன்று தேசங்களில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே சமயத்தில் ஒரே யுக்தியைக் கையாண்டிருக்கிறார்கள். இதில் சீனத்துச் சித்திரக்காரரே என் மனசுக்குப் பிடித்தவர். அவர் யாரையும் வெயிலில் அசையாமல் உட்காரச் சொல்லவில்லை.

பஞ்சத்தின் பலனாக ஒரு கமிஷன் கூடி 1880-இல் அறிக்கை கொடுத்தது. பஞ்சம் வந்தால் எந்தக் கட்டத்தில் என்ன செய்யவேண்டும் என்று பஞ்ச விதிகள் வகுத்தார்கள். ஆனால் அந்த விதிகள் அமலுக்கு வரவேண்டுமென்றால் முதலில் பஞ்சம் என்று சர்க்கார் தன் வாயால் சொல்லவேண்டும். 1943-இல் வங்காளத்தில் சொல்லவில்லை. யுத்த காலம், தணிக்கை. பத்திரிகைகள் பஞ்சம் என்ற சொல்லை எழுத அஞ்சின. அப்போது கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் ஆசிரியர் ஐயன் ஸ்டீபன்ஸ் ஒரு சந்து கண்டுபிடித்தார். சொல்லுக்குத்தானே தடை? படத்துக்கு இல்லையே! ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கல்கத்தா நடைபாதையில் செத்துக்கொண்டிருந்தவர்களின் படங்களை வெளியிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வெளியிட்டார். ஸ்டேட்ஸ்மன் இங்கிலீஷ்காரர்களுடைய பத்திரிகை. அதனால் டில்லியும் லண்டனும் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. அதே பஞ்சத்தில் சுனில் ஜானா என்ற இளைஞர் கம்யூனிஸ்டுக் கட்சிப் பத்திரிகைக்காக ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார். அவரும் பட்டினி கிடப்பவர்களையே எடுத்தார். ஆனால் அந்தப் படங்களில் மனிதர்கள் வரிசையாக உட்கார்த்தி வைக்கப்பட்டவர்களாக இல்லை. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள், எதையோ சுமக்கிறார்கள், ஒருத்தி மடியில் ஒரு பிள்ளையைக் கிடத்தியிருக்கிறாள். காமிரா அவர்களுடைய ஊருக்குப் போனது; அவர்களைக் காமிராவிடம் இழுத்து வரவில்லை. இந்த வித்தியாசம் சின்னது அல்ல என்பது என் அபிப்பிராயம்.

பின்னால் 1993-இல் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த படம் வந்தது. தரையில் குப்புற விழுந்த குழந்தை, பின்னால் காத்திருக்கும் கழுகு. மறு வருஷம் அதற்குப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். நீ அந்தக் குழந்தைக்கு என்ன செய்தாய் என்று உலகம் முழுவதும் கேட்டது. பரிசு கிடைத்த சில மாதங்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹூப்பரைப் பார்த்துக் கேட்ட அதே கேள்விதான். ஹூப்பர் அதைக் காதில் வாங்காமல் கர்னலாக ஓய்வு பெற்று, 1912 வரை வாழ்ந்தார்.

இப்போது கெலமங்கலம் பக்கம் போகிறவர்கள் பஞ்சத்தைத் தேடினால் காணமுடியாது. வழி நெடுக ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் பளபளக்கின்றன. தக்காளி லாரிகள் நிற்கின்றன. ஷிப்டு முடிந்தால் கம்பெனி பஸ்களிலிருந்து இளம் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் செல்போனுக்கு உறுப்புகள் செய்கிறார்கள். பார்க்கப்போனால் உலகத்தின் காமிராக்களில் ஒரு பங்கு இந்த மேட்டு நிலத்திலிருந்துதான் உடம்பு பெற்றுப் போகிறது. ஒவ்வொருத்தி கையிலும் ஒரு காமிரா இருக்கிறது. ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொள்கிறார்கள்; எடுத்ததும் அனுப்பிவிடுகிறார்கள்; படத்துக்குக் கீழே பெயரும் இருக்கிறது.

ஹூப்பரின் படங்கள் லண்டனில் பெரிய நூலகங்களிலும் பூகோள சங்கத்திலும் பத்திரமாக இருக்கின்றன. நான் சொன்ன அந்த 1877-ஆம் வருஷப் பக்கத்தில் அவற்றில் ஒன்றைத் தர்பாருக்கு நேர் கீழே வைப்பேன். தலைப்பை மட்டும் எடுத்துவிடுவேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம் வைக்கவேண்டும் என்றும் ஆசை இருக்கிறது; ஆனால் அது அடுத்த வருஷத்துச் சம்பவம். கெலமங்கலத்திலிருந்து வெகு தூரமில்லை, ஓசூரை அடுத்த தொரப்பள்ளி. பஞ்சம் தணிந்து மழை கண்ட பிறகு, 1878 டிசம்பர் 10-ஆம் தேதி, அந்தச் சிற்றூரில் ஒரு குழந்தை பிறந்தது. ராஜகோபாலன் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அந்தக் குழந்தை, விக்டோரியாவுக்காக லிட்டன் உட்கார்ந்திருந்த அந்த ஸ்தானத்தில் கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தது. ராஜாஜியின் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவருக்கு இரண்டு, மூன்று வயது மூத்தவர்களாக அதே தாலுகாவில் பிறந்து, தாது வருஷத்தைத் தாண்டி வராத குழந்தைகளின் பெயர்களை எழுதி வைத்தவர் யாருமில்லை.